தடுமாறும் எழுத்தும் தளரும் உள்ளமும்



பத்தாண்டுகள் எழுத்தைப் போற்றி வந்த ஓர் அவையில் எழுத்தால் துன்புறுவோரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். பொருந்தும் என்பதே இவ்வுரையின் துணிபு. எழுத்தின் இனிமையை நுகர்ந்தவர்க்கே அது பிறர் ஒருவருக்கு எட்டாமற் போவதன் துயரம் முழுமையாக விளங்கும்.

ஔவையார் இயற்றியதாக வழங்கும் மூதுரையில் ஒரு வெண்பா உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பலர் மனப்பாடம் செய்தது அது. கிளைவிட்டுக் காட்டில் நிற்பவை மரங்கள் அல்ல. அவை நடுவே நீட்டப்பட்ட ஓலையைப் படிக்க மாட்டாமல் நிற்பவனும், பிறர் குறிப்பை அறிய மாட்டாதவனுமே மரம் என்பது அதன் கருத்து. பாட்டின் நயத்தை எல்லோரும் வியப்பர். அதே பாட்டை வகுப்பில் எழுந்து நின்று படிக்குமாறு பணிக்கப்பட்டு, படிக்க வராமல் நிற்கும் பிள்ளையை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அவன் கையில் இருப்பதே ஓலை. அவனைச் சுற்றி இருப்பதே அவை. அவன்மேல் விழப்போகும் பெயரும் அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

அந்தப் பிள்ளையின் உள்ளமே இவ்வுரையின் பொருள்.

எழுத்து மயக்கம்

அறிவிலே குறைவில்லை, கண்ணிலும் காதிலும் பழுதில்லை, பள்ளிக்குச் செல்லும் வாய்ப்பும் உண்டு. இருந்தும் படித்தல், எழுதுதல், கணக்கிடுதல் ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ கைகூடாத நிலையைக் கற்றல் குறைபாடு என்பர். படிப்பதில் நேரும் இடரே டிஸ்லெக்சியா. மனத்தை ஒன்றில் நிறுத்த இயலாமை, அடங்காத துடிப்பு, எண்ணும் முன்பே செய்துவிடும் விரைவு ஆகியன சேர்ந்தோ தனித்தோ வருவது கவனக் குறைபாடு. இவ்விரண்டும் ஒரே பிள்ளையிடம் அமைவதும் உண்டு. இவை மூளையின் வளர்ச்சியோடு பிறந்தவை, குடும்பவழி தொடர்பவை. சோம்பலால் வருபவை அல்ல. வளர்ப்பின் பிழையாலும் வருபவை அல்ல.

இதனை மருத்துவ உலகம் அறிந்த வரலாறு இலக்கிய அன்பர்களுக்கும் சுவை பயப்பதாகும். 1887ஆம் ஆண்டு தமிழுக்கு மறக்கவொண்ணாத ஆண்டு. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய ஆண்டு அது. அதே ஆண்டில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின், கண்ணொளி இருந்தும் படிக்க இயலாமற்போன பெரியவர்கள் சிலரைக் கண்டு, அந்நிலைக்கு டிஸ்லெக்சியா என்று பெயரிட்டு நூல் வெளியிட்டார். பிறவியிலேயே இவ்விடர் உள்ள ஒரு சிறுவனைப் பற்றி 1896இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதியவர் பிரிங்கிள் மார்கன் என்னும் இங்கிலாந்து மருத்துவர். பதினான்கு வயதான அச்சிறுவனின் பெயர் பெர்சி. விளையாட்டில் எவர்க்கும் இளைத்தவனல்லன். ஆனால் தன் பெயரையே எழுத்து இடம் மாறிப் ‘பிரெசி’ என்று எழுதினான். பிறர் சுட்டிக் காட்டும் வரையில் அப்பிழையை அவன் உணரவும் இல்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாகவே நடத்தப்படுமாயின் பள்ளியிலேயே மிக்க கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் கூறியதையும் மார்கன் பதிந்துள்ளார். அந்த ஆசிரியரின் சொல்லை நினைவில் இருத்துதல் நன்று. பின்னர் அது பயன்படும்.

சிந்தாமணியையும் டிஸ்லெக்சியாவையும் ஒருங்கே குறித்ததற்குக் காரணம் உண்டு. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு இராது. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரே சொல்லைப் பலவாறு படித்துப் பார்த்துப் பொருள் பொருந்தும் பாடத்தைத் தேர்ந்தாக வேண்டும். ஏட்டைப் பிரித்த புலவர் எவரும் எழுத்துக்கு எழுத்து தயங்கியே படித்திருப்பர். படித்ததையே மீண்டும் படித்திருப்பர். தம் கண்ணையே ஐயுற்றிருப்பர். அவர்தம் தயக்கத்தைத் தமிழுலகம் ஆராய்ச்சி என்று போற்றியது. ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு காத்திருந்தது. அதே தயக்கம் எட்டு வயதுப் பிள்ளையிடம் காணப்படின், ஒரு நிமிடம் காத்திருக்கவும் வகுப்பில் எவருக்கும் பொழுதில்லை.

அச்சிட்ட தமிழும் அப்பிள்ளைக்கு எளிதன்று. னகர, ணகர, நகரங்களையும், லகர, ளகர, ழகரங்களையும் பேச்சில் தெளிவாக வேறுபடுத்தாத வீட்டுப் பிள்ளைக்குச் செவி துணை செய்யாது. கண் ஒன்றையே நம்ப வேண்டும். ‘கெ’ என்னும் எழுத்தில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னர் நிற்கிறது. ‘கொ’ என்பதில் அக்குறி இருபுறமும் பிரிந்து நிற்கிறது. ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று படிக்காத பிள்ளை அரிது. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை இரண்டொரு ஆண்டுகளில் கடந்துவிடுகின்றனர். சிலருக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருக்கிறது. 1978இல் தமிழக அரசு ணை, லை, னை முதலிய எழுத்துகளின் வடிவைச் சீர்திருத்தியபோது, எழுத்து மனிதனுக்காக வளையலாம் என்பது நிறுவப்பட்டது. மனிதனுக்காக வகுப்பறை வளைவது இன்னும் எஞ்சியிருக்கிறது.

உள்ளத்தின் காயம்

எழுத்து தடுமாறுவது முதல் துன்பம். அதனினும் ஆழமானது அதனைத் தொடர்ந்து உள்ளத்தில் விளையும் துன்பம். முன்னையதற்குப் பயிற்சி உண்டு. பின்னையதைப் பலர் காண்பதே இல்லை.

அது பெரும்பாலும் உடலில்தான் முதலில் தோன்றும். திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி. தேர்வுத் தாள் கொடுக்கும் நாளில் காய்ச்சல். இவை நடிப்பென்று எண்ணப்படுகின்றன. அச்சம் வயிற்றில்தான் குடியிருக்கும் என்பதைப் பெரியவர்கள் மறந்துவிடுகின்றனர். வகுப்பில் ஒவ்வொருவராகப் படித்துவரும்போது தன் முறை எந்தப் பத்தியில் வரும் என்று அப்பிள்ளை முன்னரே எண்ணிப் பார்க்கும். அந்தப் பத்தியைப் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளும். ஒருவர் விடுப்பில் இருந்து வரிசை மாறினால் அத்தனை உழைப்பும் வீணாகும். மற்றவர் படிப்பதற்குச் செலவிடும் ஆற்றலினும் மிகுதியான ஆற்றலை அது மறைப்பதற்குச் செலவிடுகிறது. ஆயினும் அதன் பெயர் சோம்பேறி.

சிலர் கோமாளியாகின்றனர். படிக்கத் தெரியாதவன் என்று சிரிக்கப்படுவதைக் காட்டிலும் வேடிக்கை செய்பவன் என்று சிரிக்கப்படுவது மேல் என்பது அவர்தம் கணக்கு. சிலர் முரடராகின்றனர். சிலர் வாய் திறவாராகின்றனர். சன்னலருகே அமர்ந்து வெளியே நோக்கியிருக்கும் அமைதியான சிறுமியை எவரும் கண்டிப்பதில்லை. நல்ல பெண், சற்றே மந்தம் என்று கூறிவிடுவர். ஓடியாடும் சிறுவனின் கவனக் குறைபாடு கண்ணில் படுகிறது. அமைதியாக அலையும் சிறுமியின் மனம் கண்ணில் படுவதில்லை. தொந்தரவு தராததால் அவளுக்கு உதவியும் கிடைப்பதில்லை.

கவனக் குறைபாடுடைய பிள்ளையின் துயரம் வேறு வகைப்பட்டது. நேற்று முடிந்தது இன்று முடிவதில்லை. விருப்பமானதில் மணிக்கணக்காக ஆழ்ந்திருக்கும் அதே பிள்ளை, பத்துக் கணக்கைப் போட்டு முடிக்க மாட்டாது. ஆதலின் ‘வேண்டுமென்றே செய்கிறான்’ என்னும் தீர்ப்பு எளிதில் எழுகிறது. 1902இல் இலண்டனில் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி விரிவுரையாற்றிய மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில்கூட, அறிவு குன்றாத பிள்ளைகளிடமும் இது காணப்படுவதை உணர்ந்தும், ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே அதற்குப் பெயர் வைத்தார். மருத்துவர்க்கே அப்பெயர் தோன்றுமாயின் பெற்றோர்க்குத் தோன்றுவதில் வியப்பில்லை. நாளை திருந்துவேன் என்று அப்பிள்ளை ஒவ்வோர் இரவும் உறுதி கொள்கிறது. ஒவ்வொரு பகலும் அவ்வுறுதி உடைகிறது. பிறர்க்குக் கொடுத்த சொல்லை மீறியவனுக்குப் பிறர் முகத்தை நோக்க நாணம். தனக்குக் கொடுத்த சொல்லை நாள்தோறும் மீறுபவன் எங்கே முகத்தைத் திருப்புவான்?

இங்கேதான் ஒன்றை அழுத்திக் கூற வேண்டும். இயலாமையை விருப்பமின்மை என்று படிப்பதே இப்பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் பெருந்தீங்கு. பிள்ளை எழுத்தைப் பிழைபடப் படிக்கிறது. பெரியவர்கள் பிள்ளையைப் பிழைபடப் படிக்கின்றனர். இவ்விரு பிழைகளுள் இரண்டாவதே கொடியது. முதலாவதைச் செய்பவர்க்குத் தாம் தடுமாறுவது தெரியும்; இரண்டாவதைச் செய்பவர்க்குத் தெரியாது.

இத்துயரம் பள்ளியோடு முடிவதும் இல்லை. வங்கியில் படிவத்தை நீட்டியவுடன் ‘கண்ணாடி கொண்டுவரவில்லை, நீங்களே நிரப்பிவிடுங்கள்’ என்று கூறும் பெரியவர்களை எல்லா ஊரிலும் காணலாம். அவர்களுள் சிலர் பள்ளிக்கே செல்லாதவர். சிலரோ பல ஆண்டுகள் சென்றும் எழுத்து கைகூடாதவர். தம் மகன் அதே பாடத்தில் தடுமாறும்போது மிகுதியாகச் சினம் கொள்பவர் சில வீடுகளில் அத்தகைய தந்தையே. மகனிடம் அவர் காண்பது தம் பழைய பள்ளி நாளை. அச்சினத்தின் அடியில் இருப்பது ஆறாத புண்.

ஆடும் எருமையும்

இப்பிள்ளைகளைத் தமிழ் மரபு எங்ஙனம் நோக்கியது? பவணந்தி முனிவரின் நன்னூல் இருவகையாக விடை தருகிறது.

அன்னமும் பசுவும் போன்றோர் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றோர் இடை மாணாக்கர். ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் போன்றோர் கடை மாணாக்கர் என்பது அதன் பகுப்பு. கேட்டது நில்லாமல் ஒழுகும் நினைவுக்கு ஓட்டைக் குடத்தையும், ஒரு செடியில் நில்லாமல் இங்கொரு தழையும் அங்கொரு தழையும் கறிக்கும் மனத்திற்கு ஆட்டையும் உவமை காட்டுவர். இன்றைய உளவியல் கூறும் கவனக் குறைபாட்டை இவ்வளவு துல்லியமாகக் கண்டவர்கள், அதனைக் கடைநிலை என்று வகுத்து நிறுத்திக்கொண்டனர். பாடம் சொல்லத் தகாதவர் வரிசையிலும் மந்தனையும், பழைய நூலுக்கு அஞ்சித் தடுமாறும் உள்ளத்தவனையும் வைத்தனர். கள்வனுக்கும் பாவிக்கும் அருகே, அஞ்சியவன் நிறுத்தப்பட்டான்.

மருங்காபுரி வட்டாரத்தின் மானாவாரி நிலத்தில் ஆடு மேய்ப்போரைக் கேட்டால் வேறொரு விடை கிடைக்கும். முள்ளும் புதரும் அடர்ந்த மண்ணில் ஆடு ஒரே இடத்தில் நின்று மேய்ந்தால் பசியாறாது. செடிக்குச் செடி தாவுவதே அதன் பிழைப்பு. அந்தியில் பட்டிக்குத் திரும்பும்போது அதன் வயிறு நிறைந்தே இருக்கும். நண்பகலில் பார்த்து ஆட்டைக் குறை கூறும் இடையர் எவரும் இலர். பசுவுக்குரிய மேய்ச்சலை அளவாக வைத்துக்கொண்டு ஆட்டை அளப்பவர் ஏட்டுப் புலவரே.

நன்னூல் அத்துடன் நின்றுவிடவில்லை. ஆசிரியர் பாடம் சொல்லும் முறையைக் கூறுமிடத்தில், கொள்பவன் எவ்வகையில் கொள்வான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் ஏற்குமாறு, கோணாத மனத்துடன் நூலைக் கொடுக்க வேண்டும் என்றும் அதே நூல் வகுத்துள்ளது. கற்றல் குறைபாட்டுக்கென்று இன்று உலகெங்கும் உருவாகியுள்ள சிறப்புக் கல்வியின் சாரம் முழுவதும் இதுவே. கேட்டுக் கற்பவனுக்குக் கேள்வி, தொட்டுக் கற்பவனுக்கு மணலும் மணியும், துண்டு துண்டாகக் கற்பவனுக்குத் துண்டு துண்டாகப் பாடம். மாணாக்கரைத் தரம் பிரித்த நூற்பாவைத் தமிழ்க் கல்வி நன்றாக நினைவிற் கொண்டது. ஆசிரியரைக் கட்டிய நூற்பாவை மறந்தது. ‘அடியாத மாடு படியாது’ என்னும் பழமொழி அந்த இடத்தை நிரப்பியது.

சட்டம் பிற்காலத்தில்தான் துணைக்கு வந்தது. 1991இல் சென்னையில் பெற்றோரும் ஆர்வலரும் கூடி மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்தைத் தொடங்கியபோது இச்சொல்லையே கேட்டிராத ஆசிரியர் பலர். 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைக் கூறியும் இதனைக் கூறவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளின் உடலை வருத்துவதோடு மனத்தை வருத்துவதையும் தடுத்தது. 2016ஆம் ஆண்டின் சட்டமே இருபத்தொரு வகைகளுள் ஒன்றாகக் கற்றல் குறைபாட்டைச் சேர்த்தது. இடையில் 2007இல் வெளிவந்த ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம், சட்டம் செய்ய இயலாத ஒன்றைச் செய்தது. எழுத்துகள் கண்முன்னே கூத்தாடுவதாகக் கூறும் ஒரு சிறுவனின் பக்கத்தில் மக்களை அமர வைத்தது.

செவிச் செல்வம்

எழுத்தைக் கண் என்று கூறிய வள்ளுவர், கல்லாதவர் முகத்தில் இருப்பவை இரு புண்கள் என்றார். அக்குறளைக் கரும்பலகையில் கண்டு தன் முகத்தைத் தடவிப் பார்த்த பிள்ளையும் இருந்திருக்கக்கூடும். ஆனால் வள்ளுவர் பழித்தது முயலாதவரை. முயன்றும் இயலாதவரை அன்று என்று கொள்வதே தகும். அதிகார முறையே அதற்குச் சான்று. கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்வியை வைத்தார். செல்வங்களுள் தலையாயது செவிச் செல்வம் என்றார். நூல்களைக் கல்லாதவனும் கேட்கக் கடவன். தளர்ச்சி வரும்போது அதுவே ஊன்றுகோலாகும் என்றார். ஓலையைப் படிக்க மாட்டாதவனை மூதுரை மரம் என்று நிறுத்திய இடத்தில், குறள் அவன் கையில் ஒரு கோலைக் கொடுக்கிறது. திருக்குறளுக்குத் ‘தீபாலங்காரம்’ என்னும் உரை கண்ட ஜமீன்தாரிணி இலட்சுமி அம்மணியின் ஊர் மருங்காபுரி. குறளின் கருணையை இம்மண் முன்பே அறிந்ததுதான்.

பெர்சியின் ஆசிரியர் 1896இல் கூறியதும் இதுவேயன்றோ? பாடம் செவிவழி வருமாயின் அவன் முதல்வனாவான் என்றார் அவர். தமிழ்ப் புலமையின் பெரும்பகுதி அவ்வாறு வந்ததே. திருச்சிராப்பள்ளியை அடுத்த அதவத்தூரில் 1815இல் பிறந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாடல்களைத் தடையின்றிச் சொல்லிக்கொண்டே போவார். அருகிருப்பவர் ஏட்டில் எழுதுவர். எழுதுபவரின் கை ஓய்ந்தாலும் சொல்பவரின் வாய் ஓயாது என்பதை அவர் வரலாற்றை எழுதிய சாமிநாதையரால் அறிகிறோம். பிள்ளையவர்களுக்குப் படிப்பதில் இடர் ஏதும் இல்லை. ஆயினும் வாயாற் சொல்லிப் பிறர் கையால் எழுதுவித்தல் தமிழ்ப் புலமைக்கு இழிவாகக் கருதப்படவில்லை என்பதற்கு அவரே சான்று. இன்று பொதுத் தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரை அமர்த்திக்கொள்ளும் சலுகை உண்டு. அதனைக் குறுக்கு வழி என்று ஏளனம் செய்வோர், மகாவித்துவானின் திண்ணையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நலம்.

அத்தேர்வில் கூடுதல் நேரமும், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் வழங்கப்பட்டு வருகின்றன. விலக்கு தேவையே, மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அது காற்று. ஆனால் ஆங்கில வழியில் பயிலும் பிள்ளைக்கு விலக்கப்படுவது பெரும்பாலும் தமிழே. தேர்வுத் தாளிலிருந்து விலகிய தமிழ் காலப்போக்கில் காதிலிருந்தும் விலகிவிடுகிறது. மதிப்பெண்ணுக்குத்தான் விலக்கே தவிர மொழிக்கு அன்று என்று அப்பிள்ளையிடம் கூற எவரும் இல்லை. தாய்மொழியின் பாட்டும் கதையும் தனக்கு உரியன அல்ல என்று எண்ணி ஒரு பிள்ளை வளர்வது, அப்பிள்ளைக்கு மட்டுமன்றித் தமிழுக்கும் இழப்பு. இவ்விழப்பைத் தடுக்கவல்லது பள்ளியன்று. மதிப்பெண் கேட்காத இலக்கிய வட்டமே.

தாம்பூலமும் பயிற்சியும்

திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணிபுரிந்த வரதன் திருவானைக்காவில் உறங்கிக் கிடந்தபோது, அகிலாண்டநாயகி வாயில் உமிழ்ந்த தாம்பூலத்தால் காளமேகமாக எழுந்தான் என்பது இப்பகுதியில் வழங்கும் கதை. ஐந்து வயது வரை பேசாதிருந்த குமரகுருபரர் திருச்செந்தூரில் வாய் திறந்தார் என்பர். இவை இனிய கதைகள். ஆனால் இவற்றை இடர்ப்படும் பிள்ளைக்கு ஆறுதலாகக் கூறுவதில் ஓர் இடையூறு உண்டு. ஒரே இரவில் மாறியவர் கதையைக் கேட்கும் பிள்ளை, மறுநாள் காலையில் மாறாமல் எழுந்து தன்னையே நொந்துகொள்ளும். ‘இத்தகையோர் யாவரும் மேதைகள்’ என்று உலகப் புகழ் பெற்றோரின் பட்டியலைப் படித்துக் காட்டுவதும் அத்தகையதே. மேதையாக இருந்தால்தான் மதிப்பு என்று அப்பிள்ளை அதற்குப் பொருள் கொள்ளும். மேதையாகாத பிள்ளைக்கும் மானம் உண்டு. எழுத்து கைகூடுவது நாள்தோறும் சிறுகச் சிறுகப் பயிலும் பயிற்சியால். அப்பயிற்சி நிலைப்பது, பிழை செய்தாலும் முகம் மாறாத ஒருவர் அருகில் இருப்பதால்.

நிறைவாக

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் இவ்வட்டத்தின் முன் மூன்று விண்ணப்பங்கள் உள்ளன. எழுதாமலே பாட்டுக் கட்டும் பிள்ளைக்கும் சிறுவர் கவியரங்கில் இடம் தரலாம். சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள உறுப்பினர் ஒருவர் அருகில் அமரலாம். மாதம் ஒருமுறை கதையையும் பாட்டையும் உரக்கப் படித்துக் காட்டும் அமர்வு ஒன்றை நடத்தலாம்; கேட்க வருபவர் எவரையும் திருப்பிப் படிக்கச் சொல்லாதிருப்பது அதன் ஒரே விதியாகட்டும். மூன்றாவது விண்ணப்பம் கவிஞர்களுக்கு உரியது. மக்கு, மண்டு, மரமண்டை என்று எத்தனை ஏச்சுச் சொற்கள்! படிக்கத் தடுமாறும் பிள்ளையைப் புண்படுத்தாமல் குறிக்கும் சொல் ஒன்றேனும் மக்கள் வழக்கில் இல்லை. மருத்துவர் தந்த சொல்லிலும் குறை என்பது உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொல்லை ஆக்குவது கவிஞர் தொழில். அச்சொல் இன்னும் ஆக்கப்படவில்லை.

மூதுரை காட்டிய அந்த அவைக்கு மீண்டும் வருவோம். ஒருவன் ஓலையோடு நிற்கிறான். சுற்றியிருப்போர் அவனைப் பார்க்கின்றனர். பாட்டு அந்த இடத்தில் முடிந்துவிட்டது. அவையிலிருந்து ஒருவர் எழுந்து சென்று, அவன் தோளருகே நின்று முதல் வரியை மெல்லப் படித்துக் கொடுத்திருந்தால், இரண்டாம் வரியை அவன் சொல்லியிருக்கவும் கூடும். எழுந்து செல்வது அவையில் அமர்ந்திருப்பவர் கடன்.